கேழ்வரகு அளவு எலுமிச்சை

என் அலமாரியில் கார்கள் நிறத்தின்படியோ வாங்கிய வரிசையிலோ நிற்கவில்லை. அளவின்படி நிற்கின்றன. மேல் தட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புக் கார்கள். அவற்றில் பாதி, பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் அதியமான்கோட்டை நெடுஞ்சாலைக் கடைகளில் வாங்கியவை. வெளியூர்க்காரர்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்தும்போது பிள்ளைகளின் கண்ணில் படுவதற்காகவே அந்தக் கடைகளில் கார்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளையான என் கண்ணிலும் அவை பட்டன. நடுத்தட்டில், பெட்டியில் துண்டு துண்டாக வந்து நான் ஒட்டிச் சேர்த்தவை. கீழ்த்தட்டில், எந்தப் பெட்டியிலும் வராமல் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நானே கட்டியவை. கீழ்த்தட்டில் கூட்டம் குறைவு.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வாரம் முழுக்க ஓர் இரும்புத் துண்டு வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அதே வேலையைப் பிளாஸ்டிக்கில் செய்வேன். அம்மாவுக்கு இதெல்லாமே பொம்மை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே, "பாப்பாவோட பொம்மைங்க. சம்பாரிக்கறா, வாங்கறா" என்று சொல்லிவிடுவாள்.

மாதிரி வண்டி கட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நான் அதில் படம் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அருமை. அண்ணன் செய்ததா?" என்று கேட்பார். எனக்கு அண்ணன் இல்லை. இல்லை என்று பதில் போட்டால், "அப்படியானால் அப்பாவா?" என்று அடுத்த கேள்வி வரும். அதனால் பெங்களூரில் ஒரு கண்காட்சி என்றும், கட்டியவரே தன் வண்டியின் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்ததும் பெயரைக் கொடுத்தேன். பரிசு வாங்கும் எண்ணம் இல்லை. என் வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகக் கட்டியது மாமாவின் ஜீப். மாமா என் அம்மாவின் தம்பி. வத்தல்மலைக்குப் பேருந்து போகாத நாட்களில் ஆட்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் அந்த ஜீப்பில்தான் ஏற்றி இறக்கினார். போன வருடம் அதை விற்றுவிட்டார். விற்பதற்கு முன்னால் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் முன்பக்கம், பின்பக்கம், கதவு, படி, கம்பி எல்லாவற்றையும் அளந்து எழுதினேன்.

"என்னா பாப்பா, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றார் மாமா. "கழுத்துக் கொஞ்சம் எறக்கமா வெய்யி. அதுக்கு வேர்க்கும்."

இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. நிஜ ஜீப்பில் இருபத்துநாலு சென்டிமீட்டர் என்றால் என்னுடையதில் ஒரு சென்டிமீட்டர். இந்தக் கணக்கை எதிலும் விடவில்லை. கயிற்றுக்குத் தையல் நூல், பின்சீட்டின் கிழிசலுக்குக் கருப்பு டேப்பில் ஒரு மயிரிழைத் துண்டு. சக்கரத்துச் சேற்றுக்கு வத்தல்மலைச் சாலையோரச் செம்மண்ணையே எடுத்துவந்து, புடவைத் துணியில் இரண்டு முறை சலித்துப் பூசினேன். கடைசியில் பளபளப்பை மங்கச் செய்யும் ஒரு பூச்சு. அது தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். ஆயுத பூசைக்கு முந்தின வாரமே வேலை முடிந்துவிட்டது. பூசை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக ஓசூருக்குப் போனேன்.

பூசை அன்று தொழிற்சாலையிலும் பூசை. அங்கே பொரியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குச் சக்கரம் இருப்பதெல்லாம் குளிக்கும். டிராக்டர், இரண்டு வண்டிகள், தையல் மிஷின். சக்கரமே இல்லாத போர் மோட்டாருக்கும் பொட்டு உண்டு. வாசலில் அவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், ஸ்பேனர், என் கால்குலேட்டர், அதற்குப் பக்கத்தில் மாமாவின் ஜீப்.

எஞ்சினை மூடும் முன்மூடியின் நடுவில் அம்மாவின் மோதிர விரல் அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். கண்ணாடிச் சட்டத்தில் இன்னும் இரண்டு. ஓட்டுநர் இருக்கை இருக்கும் இடம் தெரியாமல் ஒரு சாமந்திப் பூ.

நான் பூவை மட்டும் எடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமச் சிவப்பு சந்தனத்தைத் தாண்டி மங்கல் பூச்சுக்குள் இறங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது.

"ஏம்மா, இத்தன வருசமா அலமாரில இருக்கற எதுக்கும் வெக்கலயே. இதுக்கு மட்டும் ஏன் வெச்ச?"

"அதெல்லாம் பொம்மைடி" என்றாள் அம்மா. "இது எந் தம்பி வண்டி. வண்டின்னா பொட்டு வெக்காம எப்படி வுடறது?"

நான் கட்டிய ஒன்றை அம்மா வண்டி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் இந்தக் கோலத்தில் அதைக் கண்காட்சி மேசையில் வைக்க முடியாது.

பூசைச் சுண்டல் சாப்பிட மாமா வந்தார். நான் மேசையில் ஜீப்பை வைத்து, ஈரமில்லாத தூரிகையால் சந்தனத்தைத் துளித் துளியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நெருங்கி வரவில்லை.

"கெட்டுப் போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"சந்தனம் போவுது. குங்குமம் போவல."

"என்னாடி பெரிய பொட்டு, ஒரு வெரல் பொட்டுதான?"

"இருபத்துநாலால பெருக்கும்மா. நெசமான ஜீப்புல வெச்சா சாப்பாட்டுத் தட்டு அளவு வரும். அந்தச் சாமந்தி ஓராள் கைய விரிச்சாலும் புடிக்க முடியாது."

மாமா சுண்டலை வாயில் போட்டபடி குனிந்து பார்த்தார். "அக்கா, தட்டளவு பொட்டு வெச்சுட்டு மலை ஏறுனா, எதிர்ல வர்றவன் வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கன்னத்துல போட்டுக்குவான். எனக்கு ஹாரன் அடிக்கற வேலையே மிச்சம்."

"நீ தின்னுட்டுப் போ" என்றாள் அம்மா. ஆனால் சிரித்துவிட்டாள். மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக யோசித்தேன். முன்மூடி தனித் துண்டு, கழற்றலாம். சட்டத்தையும் கழற்றலாம். தேய்க்க வேண்டும், ஜீப்பின் பச்சை நிறத்தை மறுபடி கலக்க வேண்டும், அடிக்க வேண்டும், காய வேண்டும், மங்கல் பூச்சு, மறுபடி காய வேண்டும். ஞாயிறுக்குள் முடியும். இரண்டாவது தடவை கலக்கும் பச்சை மட்டும் முதல் பச்சையோடு முழுதாக ஒத்துப்போகாது. அதைச் செம்மண் தூவி மறைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்து, எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே செய்தேன். பச்சை நினைத்ததைவிட நன்றாகவே ஒத்துப்போனது.

சனிக்கிழமை ஜீப் பழையபடி ஆகிவிட்டது. மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. ஆனால் பூசை முடிந்த வாரத்தில் எங்கள் ஊரில் பொட்டில்லாத ஜீப் எங்கே இருக்கிறது? இருந்தால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தம். தையல் ஊசியின் முனையில் மஞ்சள் கலந்த வெள்ளையைத் தொட்டு முன்மூடியில் ஒரு புள்ளி வைத்தேன். காய்ந்ததும் அதன் நடுவில் சிவப்பு. இரண்டு விளக்குகளின் மேலும் ஒவ்வொன்று. பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "எங்கடி?"

"அதோ, நடுவுல."

"இது எனக்கே தெரியல. சாமிக்கு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொட்டு வெச்ச, சரி. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம்?"

அது என் நினைவுக்கே வரவில்லை. நிஜப் பழம் நாலு சென்டிமீட்டர் என்றால் இதற்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அளவுக்கு எதைச் செதுக்குவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடுகை ஒவ்வொன்றாகச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது சாத்துக்குடியாட்டம் இருக்குது" என்று எடுத்துவிட்டாள். மறுபடி உள்ளே போய்க் கேழ்வரகு டப்பாவோடு வந்தாள். "இதப் பாரு. கேவுரு சரியா இருக்கும்."

அளந்தேன். சரியாக இருந்தது. அம்மா உருண்டையான நாலு மணிகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றையும் ஊசியில் ஒட்டவைத்து மஞ்சள் அடித்தேன். சக்கரங்களுக்கு முன்னால், அவற்றை முட்டும்படி ஒரு துளிப் பசையில் ஒட்டினோம். இன்னும் நசுங்காத பழங்கள். ஓட்டுநர் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு அதிகாலைப் பேருந்தில் அம்மாவும் வந்தாள். ஜீப் இருந்த பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். கண்காட்சிக் கூடத்தில் எனக்குக் கொடுத்த மேசை ஓரத்தில் இருந்தது. பக்கத்து மேசைகளில் பந்தயக் கார்கள், மின்னும் வெளிநாட்டுக் கார்கள். நிறையப் பேர் அவற்றைப் பார்த்துவிட்டு எங்களைக் கடந்து போனார்கள். சிலர் நின்றார்கள். நின்றவர்கள் குனிந்தார்கள். குனிந்தவர்களில் ஒரு பெரியவர் சக்கரத்தைக் காட்டி, அது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

"நிம்பெ ஹண்ணு" என்றாள் அம்மா. எல்லைப் பக்கம் பெண் கொடுத்து எடுத்த குடும்பம், அவளுக்குக் கன்னடம் வரும். பெரியவர் சிரித்தார். இன்னும் குனிந்து பொட்டையும் கண்டுபிடித்தார். நிமிர்ந்து அம்மாவிடம் தமிழிலேயே கேட்டார், "உங்க பையன் செஞ்சதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எம் பொண்ணுங்க. தோ நிக்கறாளே, அவதான். வண்டி மொத்தமும் அவ செஞ்சது. எலுமிச்சம்பழம் மட்டும் நானு."

பெரியவர் என் பக்கம் திரும்பி முன்மூடி திறக்குமா என்று கேட்டார். திறந்து காட்டினேன்.

ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது, முன்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு பழத்தைக் காணவில்லை. பேருந்துக் குலுக்கலில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். கண்காட்சிதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டு ஜீப்பைக் கீழ்த்தட்டில் வைக்கப் போனேன்.

"இரு, வெக்காத" என்றாள் அம்மா. செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அப்படியே கேழ்வரகு டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.