ஒரே மெட்டின் பதினொரு பதிவுகள்

அண்ணன் அனுப்பிய பதினொரு ஒலிப்பதிவுகளில் பத்தை நானே அழித்தேன். கைபேசி நிரம்பிவிட்டது. எல்லாம் ஒரே மெட்டு, ஒன்று போதாதா என்று நினைத்தேன். இப்படி ஒரு மடையன் இந்த லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அண்ணன் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐரிஷ் மதுக்கடையில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் வயலின் படித்தவர். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே கூடி வாசிக்கும் ஐரிஷ்காரர்கள் அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார்கள். ஒரு ஹார்ன்பைப் மெட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. நாலு எண்ணிக்கையில் போகும் ஆட்ட இசை. நெடிலும் குறிலுமாகச் சற்று நொண்டி நடக்கும். நான் வேலை செய்யும் பெர்தொனே தெரு நகைக்கடைக்கு வந்து, முன்னால் வாடிக்கையாளர் நிற்கும்போதுகூட அதன் பூர்வீகம் சொல்லுவார். இங்கிலாந்து மேடைகளில் மாலுமி வேடம் போட்டவர்கள் ஆடியது என்றாராம் ஒருவர். ஐரிஷ் நடன வாத்தியார் ஒருவர் கட்டியது என்றாராம் கூட்டத்தில் மூத்த கிழவர். அமெரிக்காவில் அச்சான பழைய புத்தகத்தில் அதுவே வேறு பெயரில் இருக்கிறதாம்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கினம். ஒண்டும் பிழையில்லையாம்," என்றார் அண்ணன்.

"அதெப்பிடி அண்ணை? ஒண்டு சரியெண்டால் மற்றது பிழைதானே?"

எங்களுக்குக் குரு சொல்லித்தந்ததுதான் பாடம். மாறினால் காதைத் திருகுவார்கள். அந்தப் புத்தியோடுதான் அழித்தேன்.

ஓல்னே-சூ-புவாவிலிருந்த வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆளைத்தான் இறக்கினார்கள், அவர் கைபேசி ரயிலோடு போய்விட்டது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நினைவு மலர் கொடுத்து முடிந்ததும், அவர் வாசிப்பை எல்லாரும் கேட்கட்டும் என்று, மிஞ்சியிருந்த ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெட்டு முடிந்ததும் அண்ணனின் குரல் வந்தது.

"தம்பி, இது கிழவன் வாசிச்சது. என்ரை வாசிப்பை முந்தநாள் அனுப்பினனான். ரெண்டையும் கேட்டிட்டு, எது நல்லம் எண்டு சொல்லு."

அண்ணி கண்ணைத் திறந்தார். "அப்ப அவரின்ரை எங்கை?" என்று கேட்டார். நான் சோற்றுப் பந்தியைக் கவனிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

பிறகு அண்ணி ஒரு கொப்பி தந்தார். அண்ணன் தன் வாசிப்பை ஸ்வரமாக எழுதி வைத்திருந்தார். இரண்டாம் பகுதியில் மற்றவர்கள் இறங்கும் இடத்தில் இவர் ஏறியிருக்கிறார். தமிழ்ப் பள்ளி வயலின் ஆசிரியை அதைப் பார்த்து ஒரு ஸ்வரம் தவறாமல் வாசித்தார். எல்லாம் சம அளவில், நேர் நடையில் போனது. அந்த நொண்டலை எழுத எங்கள் ஸ்வரத்தில் அண்ணனுக்கு வழி தெரிந்திருக்கவில்லை.

ஆசிரியை வாசித்ததைப் பதிந்துகொண்டு அந்த ஞாயிறு கிழவரிடம் போனேன். அவர் இரண்டு தரம் கேட்டார். வயலினை எடுத்து, நடையைச் சேர்த்து வாசித்தார். பாதியில் நிறுத்தினார். ஏறுவதற்கு முன் உன் அண்ணன் ஓரிடத்தில் தயங்குவான், அது எந்த இடமென்று எனக்கு நினைவில்லை என்று பிரெஞ்சில் சொல்லி வில்லை மடியில் வைத்தார். வேறு யாரிடம் போவது? அத்துடன் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. அண்ணனை இரண்டாம் தரம் சாகக்கொடுத்தது நான்தான்.

மிஞ்சிய அந்தப் பதிவை இப்போது கடைசிவரை கேட்கிறேன். மூன்று நிமிடம் ஓடுகிறது. அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில் இன்னும் இருக்கிறது: "நல்லாயிருக்கு அண்ணை." அவர் அனுப்பிய அதே நிமிடத்தில் அது போயிருக்கிறது.