போன வாரம் என்ன வேலை

என் நண்பரின் தொழிலை நான் தெரிந்தே தவறாக எழுதினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்ட பள்ளி ஆசிரியர்களில் நானும் ஒருவன். ராஜகீழ்ப்பாக்கத்தை அடுத்த எங்கள் ஊரையே எனக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

ஓர் ஊரை நகரமாகக் கணக்கில் சேர்க்க மக்கள்தொகை மட்டும் போதாது. உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைப்பவர்கள் அதிகம். பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நகரமானால் குழாய்த் தண்ணீர் வரும், தெருவிளக்கு வரும், ஆசிரியர்களுக்கு வீட்டு வாடகைப்படியும் வரும் என்றார். "ஏரியில யாரும் கை வைக்க மாட்டாங்க சார், நான் இருக்கேன்ல." எனக்கு வாடகைப்படி மேல் கண்.

அந்த வருடம் மழை ஏமாற்றி, ஏரி மாசியிலேயே வற்றிவிட்டது. விவசாயிகள் பல்லாவரம் மலையில் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படிப் பருவத்துக்கு ஏற்ப வேலை மாறுகிறவர்களிடம், கடந்த ஓராண்டில் எது முக்கிய வேலை என்று கேட்க வேண்டும் என்பது விதி. பயிற்சியில் அதை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். நான் வீட்டுக்கு வீடு, போன வாரம் என்ன வேலை என்று கேட்டேன்.

அடுத்த தெருவிலிருந்த என் நண்பர் சிரித்தார். "இன்னா மச்சான், தெரியாத மாதிரி கேக்கற? கல்லு ஒடைக்கத்தான் போய்கினு கீறேன்." அதையே எழுதிக்கொண்டு, அவர் மனைவி கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஊர் நகரமாயிற்று. சில வருடங்களில் தலைவரின் மைத்துனர் பாசனக் கால்வாயில் மண்ணைக் கொட்டி மனை பிரித்தார். தலைவரிடம் ஓடினேன். ஊர் வளர வேண்டாமா என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார். நண்பர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். இது நகரம், இங்கே விவசாயிகளே கொஞ்சம் பேர்தான், கால்வாய் எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் செய்ததைச் சொன்னேன்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு அதே ஆபீசுக்குப் போனேன். நான் விதிப்படி கேட்கவில்லை என்றேன். கணக்கெடுப்பு விவரம் ரகசியம், அதைத் திறந்து திருத்த முடியாது என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தால் உங்களுக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் ஊதிய உயர்வு நின்றது. கால்வாய் திறக்கவில்லை.

அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நண்பர் ஒரே ஒரு முறை பேசினார். "வேற எவனாச்சும் வந்து கேட்டிருந்தா நெலத்தப் பத்திச் சொல்லியிருப்பேன். நீதானேன்னு வுட்டுட்டேன்."

அடுத்த மழையில் ஏரித் தண்ணீர் புதிய மனைகளில் தேங்கியது, அவர் வயலுக்கு வரவில்லை. தை மாதம் நிலத்தை விற்றார். சர்வேயர் அளக்க வந்த அன்று நானும் போய் நின்றேன். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் கை நீட்டினேன். நண்பர் சாலையில் போன யாரையோ கூப்பிட்டார்.