செருப்புக்கு ஒரு மனு

கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் எங்களை ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். சுவரில் கொங்குச் சோழ மன்னர் ஒருவரின் ஆணையை வெட்டியிருந்தார்கள். கொல்லர், தச்சர் போன்ற கம்மாளர்கள் இனிமேல் காலுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தொண்ணூறுகளின் தொடக்கம்; என் அம்மா அப்போதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தாள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். பஸ் ஏற வேண்டுமென்றால், எங்களுக்குக் கூலி வேலை கொடுக்கும் நிலக்காரர்களான தோட்டக்காரர்கள் தெருவைத் தாண்டியாக வேண்டும். தெருமுனை வேப்பமரத்தடியில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றுவார்கள், மறுமுனையில் போட்டுக்கொள்வார்கள். கழற்றாமல் போன ஒருவரை எப்போதோ வேலையை விட்டு நிறுத்தினார்களாம். அதற்கப்புறம் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நானும் அப்படித்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன் என்பதை எழுதவே கூசுகிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. குதிகால் புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ரப்பர் செருப்பு வாங்கச் சொல்லி, "இது இல்லாம நடந்தீங்கன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்று கண்டித்து அனுப்பினார். காந்திபுரத்தில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஊரில் இறங்கியதும், அம்மா பழக்கதோஷத்தில் அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் மனு எழுதுபவர் தயங்கினார். "பாதை வசதின்னு எழுதிக்கலாமுங்க அம்மணி. செருப்புன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க. செருப்புன்னே எழுதுங்க" என்றாள் அம்மா.

வரிசை நகரவே இல்லை. ராஜா கொடுத்தது கல்லில் இருக்கிறது. கேட்கப் போனவர்கள் எத்தனை நாள் காத்துக் கிடந்தார்கள், யார் யார் விரட்டினார்கள் என்பது இல்லை. அவர்களும் இப்படித்தான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பிடிவாதம் கூடியது.

பத்து நாள் கழித்து வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., விசாரணைக்கு அந்த வேப்பமரத்தடிக்கே வந்தார். அதுவரை அம்மா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. கட்டு மாற்றப் போவதும் நின்றிருந்தது. நாங்கள் பண்ணாடி என்று கூப்பிடும் பெரிய தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பிடியொரு வழக்கமே இங்க இல்லீங்க சார். யாரு கழட்டச் சொன்னா?" அதையே எழுதி வாங்கினார் ஆர்.ஐ. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பொய் ஜெயித்துவிட்டது, மனு அவ்வளவுதான் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

அம்மா நகரவில்லை. "ஏனுங்க சார், அதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். ஆர்.ஐ.யிடம் காட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த ரப்பர் செருப்பைக் கீழே போட்டு, கட்டுப்போட்ட காலை அம்மா மெல்ல நுழைத்தாள்.

"யாருமே சொல்லலையாமுங்க. நாங்கதான் தெரியாம இத்தன வருசமாத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கறோம். வாரேனுங்க பண்ணாடி."

கும்பிட்டுவிட்டு நடுத்தெருவில் நடந்தாள். அவள் பின்னால் போகக் கிளம்பியபோதுதான் பார்த்தேன், என் செருப்பு என் கையில் இருந்தது.