கடலை மடித்த விண்ணப்பங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் குமாஸ்தாவாக இருந்தேன். அலமாரியைச் சுத்தம் செய்தபோது, ஒரு பழைய காகிதக் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துத் திடலில் கடலை விற்பவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே கல்லூரித் தலைவரான வெள்ளைக்காரத் துரை கேட்டார்: கல்லூரி வரலாற்றுக்காகச் சேர்த்துவைத்த முதல் மாணவர்களின் விண்ணப்பங்கள் எங்கே?

திடலுக்கு ஓடினேன். பந்தாட்டம் பார்க்க வந்த கூட்டம் அந்த விண்ணப்பங்களில்தான் கடலை தின்றுகொண்டிருந்தது.

“அண்ணே, அந்தத் தாளெல்லாம் வேணும். வேலை போயிரும்!”

கடலைக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “தாளைத் திருப்பித் தாங்க லா! தர்றவங்களுக்கு இன்னொரு கை கடலை சும்மா!”

ஒரு தாள் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது.

“உங்களுக்கு நட்டமாச்சே, அண்ணே?”

“போகட்டும் தம்பி. எழுதத் தெரியாத நானும் காலேஜுக்கு ஏதோ செஞ்சேன்ல!”

துரையிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. முதல் விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணெய் விரல் தடத்தைப் பழமையின் அடையாளம் என்று அவர் விருந்தினர்களுக்குக் காட்டுவார். எனக்கு அது கடலைக்காரரின் கையெழுத்து.