ஜனாதிபதி வீட்டுக்குக் கருவாடு கொண்டுபோன நாள்

எங்கள் குடும்பத்தில் ஒரு ஜனாதிபதியின் வீட்டுக்குக் கருவாட்டுப் பொதியோடு போன ஒரே ஆள் என் உம்மாதான். அதற்கு உம்மாவைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் மாமா பார்த்த வேலை.

மாமா, உம்மாவின் தம்பி. புத்தளத்திலிருந்து கொழும்புக்கு இறாலும் கருவாடும் ஏற்றிப்போகும் சின்ன வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்லமாட்டார். ஆனால் உண்மையில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை நாங்கள் எப்படி நினைத்துக்கொள்கிறோம் என்று வேடிக்கை பார்ப்பார். பொய்யே சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த வருடம் வாப்பாவுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. வாப்பா பாலாவிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தார். உச்சி வெயிலில் உப்புக் குவியலைப் பார்த்துப் பார்த்தே கண் பழுதாகிவிட்டது என்பது உம்மாவின் கட்சி. கொழும்பில் ஒரு கண் டொக்டரிடம் காட்டுவதென்றும், மாமாவின் வேனில் எல்லோரும் போவதென்றும் முடிவாயிற்று. டொக்டரிடம் காட்டியபின் வேன் திரும்பும்வரை பொழுதைப் போக்கவேண்டுமே என்று உம்மா யோசித்தபோது, மாமா சோற்றைப் பிசைந்தபடி, "ஜனாதிபதிட வீட்டுக்குப் போவம் ராத்தா" என்றார்.

"வீட்டுல ஆக்கள் இருப்பாங்களா?"

"எந்த நேரமும் ஆக்கள்தான்."

முன்னொரு காலத்தில் ஜனாதிபதியாக இருந்த ஒருவர், பிள்ளையாக வளர்ந்த வீடு அது. அவர் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே பேணிவைத்து ஊருக்குக் காட்டுகிறார்கள். இதைத்தான் மாமா சொல்லாமல் விட்டார். உம்மா விடியவே எழும்பி, இருந்ததிலேயே நல்ல சீலாக் கருவாடாகத் தெரிந்தெடுத்து, பேப்பரில் சுற்றி, சொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டார். பெரிய மனிதர் வீட்டுக்குக் கருவாடா என்று வாப்பா கேட்டார். "வெறுங்கையோட போறதா? அவங்களுக்கு இந்த மாதிரிக் கருவாடு எங்க கிடைக்கும்?" என்றார் உம்மா. வாப்பா பொதியைத் தூக்கிப்போய் வேனில் வைத்தார்.

எங்களுக்கு இன்னொரு வீடு இருந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நான் பார்த்திராத வீடு. யாழ்ப்பாணத்தில், சோனகத் தெருவில் இருந்தது. உம்மா பிறந்து வளர்ந்து, கலியாணத்துக்குச் சீதனமாகப் பெற்ற வீடு அது. வாப்பா மாப்பிள்ளையாக வந்து குடியேறியதும் அங்கேதான். பிறகு யுத்த காலத்தில் ஒரு நாள், துப்பாக்கியோடு வந்த இயக்கத்துக்காரர், தெருவில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் போகச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு, வெகுகாலம் கழித்து, தென்னங்காணி ஒன்றின் ஓரத்தில் போட்டிருந்த கொட்டிலில் நான் பிறந்தேன்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், எங்கள் தெரு ஆண்கள் சிலரோடு வாப்பா மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் வந்து இறங்கியபோது உம்மா வாசலிலேயே நின்றார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "வீடு?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் அப்படியே இருக்கு புள்ள" என்றார் வாப்பா.

அன்றிலிருந்து உம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டவேண்டும். தங்க வேண்டாம், பார்த்துவிட்டு வந்தால் போதும். வாப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்றார். நோன்பு வருகிறது என்றார். அந்தப் பக்கம் இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லையாம் என்றார். உப்பு அள்ளும் காலத்தில் லீவு தரமாட்டார்கள் என்றார். அள்ளி முடிந்தபின் மழை வரப்போகிறது என்றார். உம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. கொழும்புப் பயணத்துக்குக் கொஞ்ச நாட்களுக்கு முன்னர், என்ன நினைத்தாரோ, கேட்பதையே நிறுத்திவிட்டார். அலுத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். வாப்பா நிம்மதியடைவார் என்று பார்த்தால், அவர் முன்னைவிடக் கூடுதலாகக் கலங்கித் திரிந்தார்.

கண் டொக்டர் வாப்பாவின் கண்ணுக்குள் ஏதோ மருந்தை விட்டு, கண்மணி பெரிதாவதைப் பார்த்து, உள்ளே ஒளியடித்துச் சோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் சரி என்றார். ஆனால் அந்த மருந்தால் பின்னேரம்வரை கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாதாம். ஆகவே வாப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேடு பள்ளம் இல்லாத இடத்திலும் "படி இருக்கு வாப்பா" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவரும் பாவம், காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

ஜனாதிபதியின் வீட்டு வாசலில் காவலுக்கு இருந்தவர் சொப்பிங் பேக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதைத் தன் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்தது என்று உம்மா சிங்களத்தில் விளக்கப்பார்த்தார். காவல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். செருப்பைக் கழற்றினார். வலது காலை உள்ளே வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

கூடத்தில் ஒருவருமில்லை. வெள்ளைக் கதிரைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றில் யாரும் உட்காராதபடி சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. உம்மா கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்கள் இருப்பாங்க எண்டியே?"

"இருக்காங்கதானே" என்று, வரிசையில் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டினார் மாமா.

வேறிடமாக இருந்தால் மாமாவுக்கு அன்று நல்ல பூசை கிடைத்திருக்கும். ஆனால் உம்மாவின் கவனம் அதற்குள் வீட்டின்மேல் போய்விட்டது. அறை அறையாக நின்று நின்று பார்த்தார். வாப்பாவுக்குக் கண் தெரியாததால், பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தார். வீட்டைப் பராமரிக்கும், வெள்ளைச் சட்டை போட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர், நாங்கள் எதையாவது தொட்டுவிடுவோம் என்று பின்னாலேயே வந்தார்.

"இஞ்ச ஒரு கட்டில் இருக்கு. சின்ன வயசில அவர் படுத்ததாம். நுளம்பு வலை கட்டியிருக்கு. ஒரு ஓட்டை இல்ல, பாருங்களன்."

"இப்ப யார் படுக்கிற?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப நுளம்பு வலை எதுக்கு?" என்றார் வாப்பா.

எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து வீடும் இப்படித்தான் இருக்கவேண்டும். அங்கேயும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காலையில் தூசி தட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து, உம்மா படுத்த கட்டிலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உம்மாட வீடும் இப்பிடித்தானே வாப்பா?" என்று அறை அதிரக் கேட்டேன். "எல்லாம் அப்படியே இருக்கெண்டு சொன்னீங்கதானே. அங்கயும் கயிறு கட்டியிருக்கா?"

வாப்பாவின் கை என் கையை இறுக்கியது. உம்மா திரும்பி வாப்பாவைப் பார்த்தார்.

"கயிறு இல்ல மகள்" என்றார் வாப்பா மெதுவாக. "மத்தது எல்லாம் இருக்கு."

உம்மா அவரை இப்படிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததேயில்லை. குரலில் கோபமில்லை. பிள்ளைக்குச் சோறூட்டும்போது கதை கேட்பதுபோல, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"முன் அறைக் கட்டில்?"

"இருக்கு."

"குசினிக்குப் பின்னால தோடை மரம்?"

"நல்லாக் காய்ச்சிருக்கு."

"கிணத்துக் கப்பி கிறீச்செண்டு சத்தம் போடுமே?"

"இன்னும் போடுது. எண்ணெய் விடோணும்."

மாமாவும் சேர்ந்துகொண்டார். சின்ன வயதில் வாசற்படியில் விழுந்து அவர் பல்லை உடைத்துக்கொண்டாராம். "அந்தப் படி இருக்கா மச்சான்?" என்று கேட்டபோது, அவர் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை. "படி இருக்கு. பல்லத்தான் காணல்ல" என்றார் வாப்பா. அவ்வளவு பேசுகிற வாப்பாவை நான் அதற்குமுன் கண்டதில்லை. தெளிவில்லாத கண்களோடு சுவரைப் பார்த்தபடி, இந்தப் பக்கம் யன்னல், அந்தப் பக்கம் நெல் மூட்டை என்று கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். பராமரிப்புக்காரர் மாமாவிடம் விசாரித்தார். எங்கள் வீட்டையும் இப்படி யாரும் பாவிக்காமல் வைத்திருக்கிறோம் என்று மாமா சிங்களத்தில் சொன்னார். அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

கடைசியாகச் சாப்பாட்டறை. அங்கே சுவரோரமாக ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. உள்ளே நீலப்பூப் போட்ட கோப்பைகள் அடுக்கடுக்காக இருந்தன. உம்மா அதன் முன்னால் போய் நின்றவர் நகரவேயில்லை. நான் வாப்பாவைக் கிட்டக் கூட்டிப்போனேன்.

"கண்ணாடி அலுமாரி" என்றார் உம்மா. பிறகு, அலுமாரியைப் பார்த்தபடியே, "நம்மட கண்ணாடி அலுமாரி? அது இருக்கா?" என்று கேட்டார்.

இதற்கு மட்டும் வாப்பா கையால் எதையும் காட்டவில்லை. பெரிதாகிக் கறுத்திருந்த அந்தக் கண்களால் உம்மா நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எந்த அலுமாரி?"

"முன் மண்டபத்தில நிண்டதுதான். மறந்து போயிற்றா?"

வாப்பா தலையை மெல்ல ஆட்டினார். "இருக்கு" என்றார்.

"கோப்பையெல்லாம்?"

"ஒண்டும் உடையல்ல."

"கண்ணாடி?"

"துடைச்சு வச்சிருக்கு. முகம் தெரியுது."

உம்மாதான் முதலில் சிரித்தார். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. டொக்டர் விட்ட மருந்து இன்னும் வடிகிறதே என்று நான் கவலைப்பட்டேன். இத்தனை பேர் பார்க்கும் இடத்தில், உம்மா தன் முக்காட்டு நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பராமரிப்புக்காரரும் அலுமாரிக்குள் எதையோ தேடுபவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வரும்போது உம்மா காவல்காரரிடமிருந்து கருவாட்டுப் பொதியை வாங்கிப் பராமரிப்புக்காரரிடம் கொடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர்தான் வீட்டுக்காரர் என்று சொன்னார். அவர் தயங்கி, முகர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேனில் உம்மா எப்போதும் முன்சீட்டில் இருப்பார்; பின்னால் இருந்தால் குமட்டிச் சத்தி வரும். அன்று முன்சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, வெறும் இறால் பெட்டிகளுக்கு நடுவே வாப்பாவோடு போய் உட்கார்ந்துகொண்டார். சிலாபம் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் தோளில் தோள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகும்படி உம்மா ஒருநாளும் கேட்கவில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கள் கண்ணாடி அலுமாரியைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். கேட்பவர்கள் குறைந்தபோது, கோப்பைகளுக்குத் தங்க விளிம்பும் வைத்தேன்.

வாப்பா மௌத்தாகி, எனக்கும் கலியாணம் முடிந்து, புத்தளத்திலேயே நாங்கள் கல்வீடு கட்டிய காலம். ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து அந்த அலுமாரியையாவது ஏற்றிக்கொண்டு வருவோமா என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அங்கே வீடே இல்லையாம். கூரை, கதவு, யன்னல், சுவர்க் கல் எல்லாம் போய், தளமும் கிணறும் மட்டும்தான் மிச்சம். நடு மண்டபத்தில் ஒரு வேப்பமரம் நின்றதாம். கொழும்புக்குப் போவதற்கு முன்பே, எங்கள் தெருப் பெண் ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர்க் குழாயடியில் வைத்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வாப்பாவிடம் மட்டும் உம்மா அதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் அத்தனையையும் தனியாக மனத்துக்குள் போட்டு வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லையாம்.

"அப்ப அந்த அலுமாரி?" என்றேன். "அதையும் எடுத்துக்கொண்டு போயிற்றாங்களா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பிடி ஒண்டு அங்க ஒருநாளும் இருக்கல்ல மகள். கலியாணம் முடிச்ச நாளில இருந்து வாங்கித் தாங்க, வாங்கித் தாங்க எண்டு நான் கேட்டுக்கொண்டே இருந்தன். கேட்ட உடனே அவருக்கு விளங்கிற்று, எனக்கு எல்லாம் தெரியும் எண்டு. அண்டைக்குத்தான் வாங்கித் தந்தார்."