மல்லித்தண்ணி சாப்பாட்டில் சேருமா?

சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கிறார், ஒரு மிடறு குடிக்கிறார், இரண்டு தரம் செருமுகிறார், அதற்குப் பிறகுதான் இலக்கங்களை அழுத்துகிறார். மறுமுனையில் ஜெர்மன்காரர் எடுத்ததும் கலாதேவி அக்கா தன் பெயரைச் சொல்வதில்லை. அன்றைக்கு யாருக்காகப் பேசுகிறாரோ அவருடைய பெயரைச் சொல்கிறார். திங்கட்கிழமை அவர் சுந்தரேஸ்வரி. செவ்வாய்க்கிழமை யோகம். "நான் ஆர், அவை ஆர் எண்டு விளங்கப்படுத்தப் போனா அவங்கள் வச்சிடுவாங்கள் தம்பி. அவையாவே கதைச்சா அலுவல் சுறுக்கா முடிஞ்சிடும்."

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரில் நாங்கள் ஒரே தொடர்மாடியில் இருக்கிறோம். அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவர் முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறார். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அங்கே பேசாமல் விட்ட மிச்சம் மீதியையெல்லாம் வீட்டுக்கு வந்து தொலைபேசியில் தீர்த்துக்கொள்வார் போலிருக்கிறது. ஜெர்மன் பேசத் தயங்கும் எங்கள் ஆட்களுக்காகப் பல் வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுப்பது, பள்ளிக்கூடக் கடிதத்துக்குப் பதில் சொல்வது, சூடேறாத ஹீட்டருக்காக வீட்டுக்காரருடன் சண்டை பிடிப்பது, எல்லாம் அவர்தான். ஜெர்மன் இலக்கணம் அவரிடம் படாத பாடு படும். ஆனால் கணீரென்ற அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் இலக்கணம் பார்த்ததில்லை.

2006 மார்கழியில் அந்தக் குரல் கரகரத்தது. தடிமன் என்று நினைத்தோம். அடுத்த கோடை வந்தும் தெளியவில்லை. "தொண்டையிலை என்னவோ ஒட்டிக்கொண்டு நிக்குது. விழுங்கினாலும் போகுதில்லை, செருமினாலும் வருகுதில்லை."

காது, மூக்கு, தொண்டை வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய கமராவை விட்டுப் பார்த்தார். குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருக்கிறது, வயிற்று அமிலம் மேலேறிச் சுட்டிருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். "நெஞ்செரிவு இருக்கோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். அது இல்லாமலும் அமிலம் ஏறுமாம்!" வயிற்று வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒரு குறையும் தெரியவில்லை என்றார். குரல் பயிற்சி கொடுக்கும் பெண்ணோ, பிழை கத்திக் கதைப்பதிலும் ஓயாமல் செருமுவதிலும் இருக்கலாம் என்றார். மூன்று பேரும் கெட்டிக்காரர்கள், மூன்று பேரும் அன்பானவர்கள். அதுதான் அக்காவைக் குழப்பியது. "ஒராள் வயிறு எண்டுறார். ஒராள் வயிறில்லை எண்டுறார். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

கடைசியில் எல்லாருடைய சொல்லையும் கேட்டார். கோப்பி, தக்காளி, சொக்லேட், பொரியல் எல்லாம் நின்றன. படுக்கும்போது அமிலம் மேலேறாமல் இருக்க, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே தடித்த தொலைபேசிப் புத்தகங்கள் ஏறின. அவர் கணவர் ராசன் அண்ணை, காலையில் எழும்பும்போது தான் கட்டிலின் அடியில் சுருண்டு கிடப்பதாகப் படிக்கட்டில் நின்று முறையிட்டார். உறைப்பு சாப்பிடுவீர்களா என்று வைத்தியர் கேட்டதற்கு மட்டும் "அளவாத்தான்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் வீட்டு அளவான நண்டுக்கறியைச் சாப்பிட்டு நான் கண்ணீர் விட்டவன்.

இவ்வளவும் அவருடைய சொந்தக் கஷ்டம். யோகத்தின் அலுவலில் அது கைவைத்தபோதுதான் அக்கா உடைந்துபோனார். யோகத்தின் கணவர் விசாவுக்காகக் கொழும்பில் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். அந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரி செவ்வாய் காலையில் மட்டும் தொலைபேசி எடுப்பார். அக்காவுக்கும் அன்றுதான் லீவு. ஒரு செவ்வாயன்று வழக்கம்போல "நான் யோகம் பேசுகிறேன்" என்று அக்கா தொடங்க, "ஐயா, நீங்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. தடிமன் பிடித்திருக்கிறது என்று அக்கா சமாளித்துப் பார்த்தார். மனைவியோடு மட்டும்தான் பேசுவேன் என்று அவர் வைத்துவிட்டார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

அன்று பின்னேரம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். "என்ரை தொண்டையாலை அவளின்ரை அலுவல் கெட்டுப்போச்சு தம்பி. எனக்கு இனி ஏலாது." நான் பேசித் தரலாமென்றால் எனதும் ஆண்குரல். அக்கா கையில் ஒரு தாள் வைத்திருந்தார். இரண்டு கிழமையாகச் சாப்பிட்டதையும் குடித்ததையும் எழுதச் சொல்லித் தொண்டை வைத்தியர் கொடுத்த தாள். ஜெர்மன் சரியா என்று பார்க்கச் சொன்னார். பாண், வாழைப்பழம், அவித்த கரட் என்று பத்தியக்காரி ஒருத்தியின் நாட்கள் அதில் வரிசையாக இருந்தன. எந்நேரமும் கையில் இருக்கும் அந்தச் சுடுதண்ணீர்ப் போத்தல் மட்டும் இல்லை.

"அக்கா, நீங்கள் குடிக்கிற மல்லித்தண்ணி எங்கை?"

"அது சாப்பாடில்லையே. மருந்தெல்லோ."

மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, ஒரு கை மிளகு. குரல் அடைக்க அடைக்க மிளகின் அளவு கூடியிருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுத் தரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் ரசமும் தாளில் இல்லை. "அது செமிக்கிறதுக்கு." நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பேனையை வாங்கி, ஒவ்வொரு நாளுக்குக் கீழேயும் பொறுமையாக எழுதினார்.

வைத்தியர் போத்தலை முகர்ந்து பார்த்து, புருவத்தை உயர்த்தி, "இதுவாகவும் இருக்கலாம்" என்றாராம். நான்கு கிழமை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அக்கா நிறுத்தினார். ஆனால் அதே கிழமையில் செருமலையும் நிறுத்தினார், மாத்திரையின் அளவும் மாறியது. ஐந்தாம் கிழமை குரல் இரண்டு நாள் திரும்பி வந்தது, மூன்றாம் நாள் காணாமல் போனது. "இப்ப எது குற்றவாளி, சொல்லுங்கோ பாப்பம்?" வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நானும் நாலாவது ஆளாக "இருக்கலாம்" என்று தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.

போன செவ்வாய் நான் மேலே போனபோது யோகமும் வந்திருந்தாள். அக்காவுக்குக் குரல் அறவே இல்லை. ஜெர்மன் வசனங்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிவைத்து, இலக்கத்தை அழுத்தி, ரிசீவரை யோகத்தின் கையில் கொடுத்தார். யோகம் நின்றபடியே வாசித்தாள். அக்கா கதிரையில் இருந்து ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினார். நான்கு வரி ஒழுங்காகப் போனது. பிறகு அதிகாரி தாளில் இல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டார். யோகம் திகைத்து அக்காவைப் பார்த்தாள். அக்கா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

யோகம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆம், நானேதான் அந்த மனைவி, இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன் என்று உடைந்த ஜெர்மனில் சொன்னாள். அதிகாரி மறுபடி கேட்டார். யோகம் மறுபடி சொன்னாள். இருபது வருடமாக ஊருக்கே பேசிய ஒருவர் முன்னால் நின்றுகொண்டு, இதில் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா எழுந்தார். சத்தம் வராமல் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் யோகத்துக்குப் பின்னால் வைத்து, அவள் தோளை மெல்ல அழுத்தி அதில் இருத்தினார்.