எதிர்மேட்டு மச்சான்

என் அக்கா வீட்டுக்காரரிடம் கார் ஓட்டக் கற்றவர்களை ரோட்டில் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். திரும்புவதற்கு வெகு முன்பே விளக்கைப் போட்டுவிடுவார்கள். பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பதற மாட்டார்கள். "மெதுவா, மெதுவா. ரோடு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு 'மெதுவா மாஸ்டர்' என்று பேராகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பழைய வண்டி. மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். குட்டையானவர்களுக்கென்று ஒரு மெத்தை. முதலில் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் வட்டம் போட வேண்டும். அது பழகினதும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஏற்றம். நட்ட நடு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். அங்கே அழுதவர்கள் உண்டு. கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போன ஒருத்தரும் உண்டு. மாமா யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று ஊரே சொல்லும். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆள் இங்க இருந்தாத்தானேடி கோபம் வர்றதுக்கு" என்பாள்.

அவர்களுக்குக் கல்யாணமானபோது மாமா ராணுவத்தில் இருந்தார். விடுமுறையில் வந்தால் வீடு ரெண்டுபடும். யாரை ஒரு தடவை பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவார். எங்கள் பெரியப்பா படியேறும் விதம், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயையும் திறந்துகொள்ளும் விதம் எல்லாம் செய்து காட்டுவார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிப்போவாள். "மருமகனே, போதும்ப்பா, மூச்சு விட முடியல" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. மாமாவின் பிரிவை மலைப்பக்கம் அனுப்பினார்கள். போன மனுஷர் திரும்பி வரும்வரை அக்கா தலை வாரக்கூட மறந்து கிடந்தாள். வந்தார். "கை கால் முழுசா வந்து சேர்ந்தாரே, அது போதும்" என்றாள் அம்மா. எங்கள் எல்லாருக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

ராணுவத்தை விட்டுவிட்டு இந்த வேலையில் சேர்ந்தார். நடித்துக் காட்டுவது நின்றுபோனது. சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது கை பாதியில் நின்றுவிடும். மாலையில் மொட்டைமாடியில் போய் நின்று, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் மாடிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கேயாவது கொடியிலிருந்து ஒரு பனியன் காற்றில் பறந்து விழுந்தால் முகம் வெளிறிக் கீழே இறங்கி வந்துவிடுவார். மகள் பிறந்தபோது குழந்தையை அவர் கையில் கொடுக்கப் போனாள் அக்கா. "இரு, கை கழுவிட்டு வரேன்" என்று போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். அதன்பிறகு அக்கா நீட்டுவதை விட்டுவிட்டாள். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

"வீட்டுக்கு வந்துட்டார். இன்னும் வந்து சேரல" என்று அக்கா என்னிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டு, ஏதோ பஸ் தாமதமாகிவிட்டது போல வாசலைப் பார்ப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் அக்காவை விட உயரமாகிவிட்டாள்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் கார் கற்றுக்கொள்ள வந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர், சின்ன வயசுக்காரர். ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். நடக்கும்போது தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வார். சிரிப்பு வரும் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார். கேட்கிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

அவர் சேர்ந்த நாளிலிருந்து மாமாவிடம் ஒரு மாற்றம். காலையில் சீக்கிரம் எழுந்து மழமழவென்று ஷேவ் செய்துகொண்டார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். ஒருநாள் குளியலறையில் ஏதோ பாட்டு முணுமுணுத்ததை அக்கா கேட்டுவிட்டாள். ஆற அமர யோசித்து, பெண்களுக்கு வழக்கமாகத் தோன்றும் முடிவுக்கு வந்தாள்.

"வேற யாரோ இருக்காடி" என்றாள் என்னிடம்.

"மாமாவுக்கா? உன்கிட்டயே நாலு வார்த்தை பேசாதவர், அங்க போய் என்னத்தைப் பேசுவார்?"

"அதான் எனக்கும் வயித்தெரிச்சல். இத்தனை வருஷம் நான் காத்துக்கிடந்தேன். எவளோ வந்து கிளட்சை மிதிச்சதும் கிளம்பிட்டார்."

சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பொறாமையைவிட ஆசைதான் அதில் அதிகம் தெரிந்தது. யாரிடமாவது போய்ச் சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை, மனுஷர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததே, அந்த மாதிரி.

நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முதலாளியம்மாவிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். பெண்கள் விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தம்மாவுக்கு வேறொரு குறை இருந்தது.

"அந்த மருந்துக்கடைத் தம்பி எப்பவோ நல்லா ஓட்டக் கத்துக்கிட்டாரும்மா. இவர் டெஸ்டுக்கு அனுப்பவே மாட்டேங்கிறார். கேட்டா, 'இன்னும் ஏத்தம் சரியா வரலை'ங்கிறார். அந்த ஏத்தத்துலயே அவர் இனி வீடு கட்டிக்கலாம். அவ்வளவு தடவை ஏறியாச்சு."

மருந்துக்கடைக்காரருக்கும் அதே குறைதான். ஒருநாள் ஏற்றத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கேட்டே விட்டார். இதைப் பிற்பாடு அவர் வாயால்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஓட்ட வரலையா? இல்ல, என்னை உங்களுக்குப் பிடிக்கலையா?"

மாமா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு, "நீங்க போயிட்டா மறுபடி பார்க்க முடியாதே" என்றாராம். அங்கிருந்துதான் மலைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாராம்.

மலையில் மாமாவின் பிரிவுக்கு எதிர்மேட்டில் எதிரிகளின் காவல் நிலை இருந்தது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கி வழியாக எதிர்மேட்டைக் கண்காணிப்பது மாமாவின் வேலை. சுட அல்ல, பார்க்க மட்டும். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். அங்கே ஒருத்தன் தினமும் ரெண்டு கேன் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருவான். ஒரு தோள் இறங்கியிருக்கும். தனியாகப் பேசிக்கொண்டே வருவான். போகும் வழியெல்லாம் தண்ணீரைச் சிந்துவான், மேலே போய்ச் சேரும்போது கேன் பாதியாகியிருக்கும், கூட இருப்பவர்கள் அவனைத் திட்டுவார்கள், அவன் சிரிப்பான். பனியனைத் துவைத்துப் பாறையில் போட்டுவிட்டுக் கல் வைக்க மறந்துவிடுவான். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். பின்னாலேயே ஓடுவான்.

மாமாவின் கூட்டாளி அவனுக்கு 'மச்சான்' என்று பேர் வைத்தான். "மச்சான் எழுந்தாச்சு." "மச்சான் இன்னைக்கு லேட்டு." "மச்சானுக்கு யார்கிட்டயோ நல்ல திட்டு." மலையில் வேறு பொழுதுபோக்கே கிடையாது. ஒருநாள் மச்சான் வரவில்லை. ரெண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே வந்தான். காய்ச்சல்தான் என்று தெரிந்ததும் நிம்மதி.

"அப்புறம் உத்தரவு வந்துச்சு" என்றார் மாமா. "தண்ணி எடுக்க வர்றவங்களை விடக்கூடாது. தண்ணி நின்னா அவங்க இடத்தைக் காலி பண்ணிடுவாங்க. சரியான உத்தரவுதான். எங்க ஆளுங்களையும் அவங்க அப்படித்தான் சுட்டாங்க. குறி நல்லா இருக்கும்னு என்னைத்தான் சொன்னாங்க. அன்னைக்கு வேற எவனாச்சும் வரணும்னு வேண்டிக்கிட்டேன். வேற எவனா இருந்தாலும் அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே, அது தோணல. அவன்தான் வந்தான். ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தான்."

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாராம்.

"அதுக்கு முன்னாடியும் சுட்டிருக்கேன், பின்னாடியும் சுட்டிருக்கேன். அவங்கள்ல ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. அவங்க கனவுல வர்றாங்க, பயமா இருக்கு, அது வேற. இவன் அப்படி இல்ல. இவனை மனசு தேடுது தம்பி. ஊருக்குப் போன சொந்தக்காரனைத் தேடுற மாதிரி. கொன்னவனே தேடுறேன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? நீங்க முதல் நாள் கேட்டைத் தாண்டி நடந்து வந்தீங்க பாருங்க…"

பிறகு மருந்துக்கடைக்காரர், "நான் அவர் இல்ல மாஸ்டர்" என்றார்.

"தெரியும்."

"நான் கடைக்குச் சரக்கு எடுக்கத்தான் வண்டி கத்துக்க வந்தேன். இத்தனை நாளா செத்துப்போன ஒருத்தருக்குப் பதிலா உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"இருக்கும். நாளைக்கே டெஸ்டுக்குச் சொல்லிடுறேன்."

சொன்னபடி செய்தார். மருந்துக்கடைக்காரர் முதல் தடவையே பாஸ் ஆனார். அதன்பிறகு டிரைவிங் ஸ்கூல் பக்கம் வரவில்லை. மாமா பழையபடி மாடியில் போய் நின்றார். சட்டை கசங்கியது.

விஷயம் வெளியே வந்தது மருந்துக்கடையில்தான். தலைவலி மாத்திரை வாங்க அக்காவோடு நானும் போயிருந்தேன். அவள் மாஸ்டரின் மனைவி என்று தெரிந்ததும் அந்தத் தம்பி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். கடையில் கூட்டம் குறைந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். "அவர் மேல எனக்குக் கோபம் இல்லைக்கா. வந்தா மறுபடியும் என்னை அப்படிப் பார்ப்பாரோன்னுதான் வரல. ஆனா என்கிட்ட சொன்னதை உங்ககிட்ட சொல்லாம இருக்காரே, அது சரியில்ல."

வரும் வழியெல்லாம் அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"வேற ஒருத்தியா இருந்தா முடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். செத்தவன்கிட்ட எப்படிடி சண்டை போடுறது?"

உள்ளே போனோம். மாமா கூடத்தில் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா பையைக்கூட கீழே வைக்கவில்லை.

"மச்சான் எப்படி நடப்பார்?" என்று கேட்டாள்.

எண்ணெய்க் குப்பி அவர் கையிலேயே இருந்தது. யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை விட்டு இறங்கினார். குப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு ரெண்டு கையையும் கீழே தொங்கவிட்டு, ஒரு தோளை இறக்கி, கண்ணுக்குத் தெரியாத கேன்களோடு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். உதடு அசைந்தது. கால் தடுக்கி, தண்ணீர் சிந்தி, யாரோ திட்ட, தலையைச் சாய்த்துச் சிரித்தார். அத்தனை வருஷங்களுக்குப் பிறகு அவர் ஒரு ஆளை நடித்துக் காட்டியதை நான் பார்த்தேன். நான் பார்த்தேயிராத அந்த மனிதன் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் அவர் அழுதார். மகள் அறையிலிருந்து வந்து, ஒன்றும் புரியாமல், அப்பாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சண்டைக்குப் போய் வந்தவர்களைப் பார்க்கும் ஒரு மனநல டாக்டரிடம் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவரைப் போன்றவர்கள் பிற்பகலில் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். சிலபேர் பேசாமலே எழுந்து வருகிறார்கள். மாத்திரை உண்டு. நல்ல நாள் வரும், கெட்ட நாளும் வரும். கெட்ட நாளில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மச்சானா?" என்று கேட்பாள். "ம்" என்பார். அவருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அந்த வீட்டில் அவன் இப்போது வெளியூரில் இருக்கும் உறவினன் மாதிரி ஆகிவிட்டான்.

நானும் போன வருஷம், இந்த வயசில், மாமாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் பயிற்சி முடித்து வண்டியைக் கிடங்குச் சுவரோரம் நிறுத்தியிருந்தோம். மழை வருவது போல இருந்தது. ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"மச்சானோட வீடு எங்கன்னு தெரிஞ்சா போவீங்களா மாமா?"

"தினம் போறேன்ம்மா, மனசுக்குள்ள. அவங்க அம்மா கதவைத் திறப்பாங்க. அதுக்கு மேல போக முடியல."

"போனா என்ன சொல்லுவீங்க?"

"மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அது எனக்காகக் கேட்கிறது. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், சிரிச்சுக்கிட்டு இருந்தான்னு சொல்லணும். காய்ச்சல் வந்து சரியாயிடுச்சு, கூட இருந்தவங்களுக்கு அவன் மேல பிரியம்னு சொல்லணும். பெத்தவங்க அதைக் கேட்கத்தானே காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆனா அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்பாங்களே."

கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. நான் எதைத் தட்டினால் துடைப்பான் ஓடும் என்று தேடிக்கொண்டிருந்தேன். மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கமும் இப்ப மழை பெய்யுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. "பெய்யும் மாமா" என்றேன்.